நெறி கட்டினால் டி.பி.தானா?

குழந்தையின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பது அம்மாதான். தலை சீவிவிடும்போதோ குளிப்பாட்டும்போதோ கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. பையன் வழக்கம்போல ஓடுகிறான், ஆடுகிறான். சளி பிடித்தால், பல் சொத்தையானால், தலையில் புண் வந்தால் நெறி கட்டும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறார். கட்டி கரையவில்லை. இன்னொரு டாக்டர், இன்னொரு ஆன்டிபயாடிக். மூன்றாவது டாக்டர் "டி.பி.யாக இருக்கலாம்" என்று சொல்லி ஆறு மாத மருந்துக்கு எழுதிக் கொடுக்கிறார்.

இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. உலகின் டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். நுரையீரலுக்கு அடுத்து டி.பி. விரும்பித் தங்கும் இடங்களில் ஒன்று கழுத்து நெறி. பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். கழுத்தில் நெறி கட்டி வரும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே புற்றுநோய் இருக்கும். தவறு நடப்பது அடுத்த கட்டத்தில். கட்டியிலிருந்து துளி திசுவைக்கூட எடுத்துப் பார்க்காமல் மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மிகச் சிலரில் ஒருவராக உங்கள் குழந்தை இருந்தால், வீணாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு.

அந்தப் புற்றுநோயின் பெயர் லிம்போமா. உடலெங்கும் ரத்தக் குழாய்கள் ஓடுவதுபோல நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றின் வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான நிணநீர்ச் சுரப்பிகள் காவல் நிலையங்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கிருமி வந்தால் பிடித்து அழிக்கும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் இங்கே குடியிருக்கின்றன. இந்த அணுக்களில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து கன்னாபின்னாவென்று பெருகுவதுதான் லிம்போமா. இந்தியாவில் குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த இரண்டு மூன்று இடங்களுக்குள் லிம்போமா வந்துவிடுகிறது.

டி.பி.யையும் லிம்போமாவையும் குழப்பிக்கொள்வது நம் டாக்டர்கள் ஆரம்பித்து வைத்த வழக்கம் அல்ல. லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், சுரப்பிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்துபோன ஏழு பேரைப் பற்றி 1832-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதலாவதாக விவரிக்கப்பட்டவன் சுமார் ஒன்பது வயதுச் சிறுவன். பிற்பாடு அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரே நிலைத்துவிட்டது. 1898-ல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க், இந்தக் கட்டிகளில் மைக்ராஸ்கோப் வழியே தெரியும் பெரிய விசித்திர அணுக்களை விவரித்தார். ஆனால் நோய் என்னவோ ஒருவகை டி.பி.தான் என்று முடிவு கட்டினார். அவர் பார்த்த நோயாளிகள் பலருக்கு டி.பி.யும் சேர்ந்தே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1902-ல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய இளம் பெண் டாக்டர் டோரதி ரீட்தான் இது டி.பி. அல்ல, தனி நோய் என்று தெளிவாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே அணுவைத்தான் பார்த்தார்கள். இன்றும் அதன் பெயர் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு. ஹாட்ஜ்கின் நோயை உறுதிசெய்ய பத்தாலஜிஸ்ட் தேடுவதும் இதைத்தான்.

அந்தச் சர்ச்சை மைக்ராஸ்கோப்பில் தீர்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மைக்ராஸ்கோப் வரை போகாத கட்டிகளில் மட்டும் அது இன்னும் தீரவில்லை.

குழந்தைகளுக்கு வரும் லிம்போமாவை இரண்டு பெரிய வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஹாட்ஜ்கின் வகை மெதுவானது. பெரும்பாலும் கழுத்தில் ஆரம்பித்து, பக்கத்துச் சுரப்பிகளுக்கு வரிசையாகப் பரவும். மேலை நாடுகளில் இது முக்கியமாகப் பதின்வயதினரின், இளைஞர்களின் நோய். இந்தியாவில் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடமும், அதிலும் பையன்களிடம், கணிசமாகக் காணப்படுகிறது. மெதுவாக வளர்வதாலேயே இதுதான் டி.பி. என்று அதிகம் ஏமாற்றுகிறது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய மூன்றும் இரண்டு நோய்களுக்கும் பொது. போதாக்குறைக்கு, டி.பி. மருந்து சாப்பிடும் நாட்களில் கட்டி தானாகவே சற்று சிறுத்துப் பெருப்பதும் உண்டு. "மருந்து கேட்கிறது" என்று எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

இரண்டாவது வகை, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்கள். பெரியவர்களிடம் இவற்றில் சில ஆண்டுக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். குழந்தைகளிடம் அநேகமாக எல்லாமே முரட்டு ரகம். பர்கிட் லிம்போமா மனிதருக்கு வரும் கட்டிகளிலேயே மிக வேகமாக வளர்வதில் ஒன்று. அதன் அணுக்கள் 24 முதல் 48 மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். ஆப்பிரிக்காவில் இது தாடையில் வரும். நம் நாட்டில் அதிகமும் வயிற்றில். போன வாரம் சரியாக இருந்த டிராயர் இந்த வாரம் இடுப்பில் ஏறவில்லை என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் உண்டு. சில குழந்தைகளுக்கு வலது அடிவயிற்றில் வலி வந்து அப்பென்டிசைட்டிஸ் என்று ஆபரேஷன் மேஜை வரை போய்விடும். சிலருக்குக் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்கு இப்படிச் செருகுவது காரணமில்லாமலே நடப்பதுண்டு. நாலைந்து வயதுக் குழந்தைக்கு நடந்தால், உள்ளே ஏதாவது கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மார்பில் வரும் லிம்போமா வேறு வேஷம் போடும். மூச்சுக் குழாய்க்கு முன்னால் கட்டி வளர்ந்து அழுத்துவதால் குழந்தை இருமும், இழுக்கும். ஆஸ்துமா என்று நினைப்பது சுலபம். ஆனால் இந்தக் குழந்தையால் மல்லாந்து படுக்க முடியாது. உட்கார்ந்தபடியே தூங்கும். காலையில் முகம் உப்பியிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். சில நூறு ரூபாயில் எடுத்துவிடக் கூடிய மார்பு எக்ஸ்ரே உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடும். அதை எடுக்காமல் ஸ்டீராய்டு கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. ஸ்டீராய்டு லிம்போமா அணுக்களைக் கொல்லும். இரண்டே நாளில் மூச்சுத் திணறல் குறைந்து, கட்டி சுருங்கி, மாயமந்திரம் போல் இருக்கும். சில வாரங்களில் நோய் திரும்பி வரும். இடைப்பட்ட காலத்தில் பயாப்ஸி செய்தாலும் செத்த திசுதான் கிடைக்கும், நோயின் பெயர் கிடைக்காது. காரணம் தெரியாத கட்டியோ, சுரப்பி வீக்கமோ உள்ள குழந்தைக்குத் திசுவைச் சோதிக்காமல் ஸ்டீராய்டு தரக் கூடாது என்று புற்றுநோய் டாக்டர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எந்தக் கட்டிக்குப் பயப்பட வேண்டும்? மொச்சைக் கொட்டை அளவில், தொட்டால் வலிக்கிற, சளியோடு வந்து இரண்டு மூன்று வாரத்தில் வடிகிற நெறிக்குப் பயம் வேண்டாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, ரப்பர் மாதிரி கெட்டியாக, வலியே இல்லாமல், நான்கு முதல் ஆறு வாரங்கள் தாண்டியும் கரையாமல் இருந்தால் சோதிக்க வேண்டும். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி வந்தால் அளவைப் பார்க்கத் தேவையில்லை, உடனே காட்ட வேண்டும். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், காரணமில்லாமல் காய்ச்சல் தொடர்ந்தாலும், இரவில் தலையணை நனைய வியர்த்தாலும் அப்படியே. டி.பி. மருந்து சாப்பிட்டு இரண்டு மாதமாகியும் கட்டி வளர்ந்துகொண்டே போனால், மருந்துக்கு எதிர்ப்பு உள்ள டி.பி.யா, வேறு நோயா என்று மறுபடி யோசித்தாக வேண்டும். சரியான டி.பி. சிகிச்சையிலும் நெறி சில காலம் பெரிதாவது உண்டு. அதனால்தான் யூகத்தை நம்பாமல் திசுவை நம்பச் சொல்கிறார்கள்.

திசு என்றால் எவ்வளவு? ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை டி.பி.யைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும். உறிஞ்சியதை டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் வைத்தால் சில மணி நேரத்தில் பதில் கிடைக்கும். அரசு டி.பி. திட்டத்தில் இது இலவசம். லிம்போமாவுக்கு மட்டும் ஊசி போதாது. சுரப்பியின் அமைப்பே எப்படிக் குலைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருப்பதால், ஒரு சுரப்பியை முழுசாக எடுத்துச் சோதிப்பதே நல்லது. எடுத்த திசுவின் ஒரு துண்டை டி.பி. சோதனைக்கும், மீதியைப் பத்தாலஜிக்கும் அனுப்பினால் ஒரே தடவையில் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே வருவார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயம் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒன்றுபோல இருக்கிறது. பயாப்ஸியால் லிம்போமா பரவுவதில்லை. லிம்போமா ஆரம்பத்திலிருந்தே ஒரு இடத்தில் நிற்காத நோய். அதை வெட்டி எடுத்துக் குணப்படுத்துவதும் இல்லை. கத்தி நோயின் பெயரைத் தெரிந்துகொள்ள மட்டுமே. குணப்படுத்துவது மருந்து.

மருந்து என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள உகாண்டாவுக்குப் போக வேண்டும். 1957-ல் கம்பாலாவின் முலாகோ ஆஸ்பத்திரியில் டெனிஸ் பர்கிட் என்ற ஐரிஷ் சர்ஜனிடம் தாடையின் நான்கு பக்கமும் வீங்கிய ஐந்து வயதுச் சிறுவனைக் காட்டினார்கள். சில வாரங்களில் வேறொரு ஊரில் அதேபோல இன்னொரு குழந்தை. பர்கிட் பழைய பதிவுகளைப் புரட்டினார். 1961-ல் இரண்டு நண்பர்களுடன் ஒரு பழைய காரில் சுமார் 10,000 மைல் சுற்றி, இந்த நோய் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று வரைபடம் போட்டார். அவர் லண்டனில் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டைன், கட்டிக்குள் வைரஸைத் தேட ஆரம்பித்தார். 1964-ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த எப்ஸ்டைன்-பார் வைரஸ்தான் மனிதப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டதாக அறியப்பட்ட முதல் வைரஸ். இந்தியக் குழந்தைகளின் ஹாட்ஜ்கின் கட்டிகளில் பெரும்பாலானவற்றிலும் இந்த வைரஸின் தடயம் இருக்கிறது. இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. நம்மில் அநேகமாக எல்லோர் உடம்பிலும் அந்த வைரஸ் இருக்கிறது. லிம்போமா வந்த குழந்தையிடமிருந்து அண்ணனுக்கோ தங்கைக்கோ நோய் ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கிவைப்பது கொடுமை மட்டுமல்ல, அர்த்தமற்றதும்கூட.

கம்பாலாவில் கதிரியக்க வசதி இல்லை. வேறு வழியில்லாமல் பர்கிட் அப்போது புதிதாக வந்திருந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். முகமே மறைந்திருந்த கட்டிகள் சில நாட்களில் கரைந்தன. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு நோய் திரும்பவே இல்லை. வேகமாகப் பிரியும் அணுக்களைத்தான் கீமோதெரபி வேகமாகக் கொல்கிறது. குழந்தைகளின் லிம்போமா அவ்வளவு முரட்டுத்தனமாக வளர்வதே அதன் பலவீனமும் ஆகிவிடுகிறது.

இன்று தரப்படும் மருந்துகளில் ஒன்று தமிழர்களுக்குப் பழக்கமான செடியிலிருந்து வந்தது. வாசலிலும், ரயில் தண்டவாள ஓரத்திலும், இடுகாட்டிலும் பூக்கும் நித்தியகல்யாணி. 1950-களின் இறுதியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சிகளில் இந்தச் செடியிலிருந்து பிரிக்கப்பட்டவை வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் மருந்துக்கென்றே இதைப் பயிரிடுகிறார்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை தேவை. ஆகவே இலையைக் கஷாயம் போட்டுக் குழந்தைக்குக் கொடுத்தால் மருந்து கிடைக்காது, செடியின் விஷம்தான் சேரும்.

இந்தியாவிலும் இந்தச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1980-களின் நடுவில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அன்றைய பம்பாயின் டாடா மெமோரியல், டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்துடன் சேர்ந்து, நம் வசதிக்கு ஏற்ற ஒரே சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டன. எம்.சி.பி. 842 என்ற அந்த முறையில் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். பிறகு மருந்துகள் இன்னும் கூர்மையாயின. ரிடக்சிமாப் என்ற மருந்தை 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது. முற்றிய பர்கிட் போன்ற லிம்போமா உள்ள குழந்தைகளுக்கு வழக்கமான கீமோவுடன் இந்த மருந்தையும் சேர்த்தபோது, மூன்று ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 82 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாக உயர்ந்ததை 2020-ல் வெளியான சர்வதேச ஆய்வு காட்டியது. ஹாட்ஜ்கின் நோயிலோ நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் குணமடைகிறார்கள். கீமோ நன்றாக வேலை செய்தால் பலருக்குக் கதிரியக்கமே தேவைப்படுவதில்லை.

சிகிச்சை சுலபம் என்று அர்த்தமில்லை. பர்கிட்டுக்கும் ஹாட்ஜ்கினுக்கும் அநேகமாக நான்கு முதல் ஆறு மாதம். மார்பில் வரும் லிம்போபிளாஸ்டிக் வகைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல். முதல் வாரமே ஆபத்தானது. கட்டி ஒரேயடியாகக் கரையும்போது அதன் கழிவுகள் ரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதனால்தான் ஆரம்ப நாட்களில் இரவு பகலாக டிரிப் ஏற்றி, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பின்னர் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசர நிலை. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு இருந்தும் இந்தியாவில் குழந்தைகள் சாகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமடைகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. 2030-க்குள் எல்லா நாடுகளிலும் குறைந்தது 60 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று அந்நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. அதற்காகத் தேர்ந்தெடுத்த ஆறு புற்றுநோய்களில் இரண்டு பர்கிட்டும் ஹாட்ஜ்கினும். சரியான நேரத்தில் பிடித்தால் நிச்சயமாகக் குணப்படுத்தக் கூடியவை என்பதுதான் காரணம்.

நம் ஊரில் தடை மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, தாமதமாகக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, பாதியில் நிறுத்திவிடுவது. கட்டி கரைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்து, அல்லது கையில் காசு தீர்ந்து, ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். டாடா மெமோரியலில் 2009 வாக்கில் ஐந்தில் ஒரு குழந்தையின் சிகிச்சை இப்படி நின்றுபோனது. தங்குமிடம், சாப்பாடு, பண உதவி, போனில் விடாமல் விசாரிப்பது என்று ஒரு தனி ஏற்பாடு செய்த பிறகு அது இருபதில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்காமலே பல உயிர்கள் மீண்டன.

மூன்றாவது தடையைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. 2022-ல் 'லான்செட் ஆங்காலஜி' இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஊரில் நோய் கண்ட பெண் குழந்தைகளின் விகிதத்தைவிட ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பெண் குழந்தைகளின் விகிதம் குறைவு. பையனுக்காக விற்கப்படும் நிலம் பெண்ணுக்காக விற்கப்படுவதில்லை.

நிலத்தை விற்காமலே சமாளிக்கச் சில வழிகள் இருக்கின்றன. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் டிக்கெட் இலவசம். துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. 2006-ல் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் இப்போது சென்னை, வேலூர் உள்படப் பல ஊர்களில், சிகிச்சை பெறும் குழந்தையும் பெற்றோரும் இலவசமாகத் தங்க இடம் தருகின்றன. பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் உள்ள சமூகப் பணியாளரை முதல் நாளே போய்ப் பார்த்தால் இவற்றுக்கெல்லாம் வழி சொல்வார்.

குணமான குழந்தை பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம். வளர்ந்து கல்யாணமும் செய்துகொள்ளலாம். சில மருந்துகள் இதயத்தையும் குழந்தைப் பேற்றையும் பாதிக்கக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பரிசோதனைக்குப் போக வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தை ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது.

இதெல்லாம் கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகு நடக்கும் முதல் ஒரு மாதத்தைப் பொறுத்தது. டாக்டர் டி.பி. மருந்து எழுதும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சோதனையில் தெரிந்தது, சார்?" அதற்குக் காகிதத்தில் பதில் இருந்தால் ஆறு மாத மருந்தை ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள். பதில் இல்லையென்றால், சோதனையை முடித்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம்.